பிரதி எடுக்கும் உரிமை: இருவேல்பட்டிலிருந்து தில்லி வரை

விழுப்புரம் மாவட்டத்தில், திருவெண்ணெய்நல்லூர் பக்கம், இருவேல்பட்டு என்றொரு கிராமம். பொருளாதாரம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைத் தத்தம் ஊர்களுக்கு அனுப்பி நிலம், கூலி, கடன், சாதி, சாப்பாடு என்று எழுதிவரச் சொன்னார். அப்படி 1916இல் தொடங்கிய வேலையில் அகப்பட்ட ஊர்களில் ஒன்று இருவேல்பட்டு. இந்த ஆய்வுகள் 1918இல் நூலாக வந்தன. வெளியிட்டது ஆக்ஸ்ஃபோர்டு யூனிவர்சிட்டி பிரஸ். 1936-37இல் பி.ஜே. தாமசும் கே.சி. ராமகிருஷ்ணனும் இந்த ஊர்களை மறு ஆய்வு செய்தார்கள். 1983இல் எஸ். குகனும் ஜோன் மெஞ்சரும் இருவேல்பட்டைப் பற்றி 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் எழுதினார்கள். 2010இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் அதே இதழில் 1916 முதல் 2008 வரையிலான கதையைத் தொகுத்தார்கள். ஏறக்குறைய நூறு வருஷம் ஒரு ஊர் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுக்கொண்டே வந்திருக்கிறது.

அந்தப் பக்கத்துப் பையன் ஒருவன் அரசுக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது 2010ஆம் வருஷத்துக் கட்டுரையின் ஜெராக்ஸ் ஒன்று அவன் கைக்கு வந்தது. நாலைந்து கை மாறி வந்த பிரதி, ஓரங்களில் யாரோ பென்சிலால் கோடு போட்டது. "சார், எங்க ஊரு பக்கம் சார் இது, எங்க ஆளுங்களப் பத்தி எழுதியிருக்காங்க சார்" என்றான். பாதிக்கு மேல் புரியவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னான். தான் எழுதப்பட்டிருப்பதை ஒருவன் படிக்க வேண்டுமென்றால் அவனுக்குத் தேவைப்பட்டது மூன்று: பிரதி எடுக்க ஒரு கடை, எடுத்தால் குற்றமில்லை என்கிற ஒரு சட்டம், பிறகு ஒரு மொழிபெயர்ப்பு. முதலாவது பஸ் ஸ்டாண்டு எதிரிலேயே இருக்கிறது. மற்ற இரண்டின் வரலாறு கொஞ்சம் சிக்கலானது.

'பிரதி' என்கிற சொல்லைத் தொண்ணூறுகளில் நாம் போட்டு உருட்டியது நினைவிருக்கும். நூல் என்று சொல்லமாட்டோம், படைப்பு என்று சொல்லமாட்டோம், பிரதி என்றுதான் சொல்வோம். பிரதிக்கு ஆசிரியன் அதிகாரியல்ல, அவன் செத்துவிட்டான் என்று ரொலாண் பார்த் சொன்னதை எழுதி எழுதிக் கை ஓய்ந்தோம். ஆனால் தமிழில் பிரதி என்றால் நகல் என்றும் பொருள். ஜெராக்ஸ் கடைக்காரர் "எத்தனை பிரதி?" என்று கேட்கும்போது அவர் இந்த இரண்டாவது பொருளில்தான் பேசுகிறார். நம் விவாதங்களுக்கு ஆதாரமாக இருந்த பார்த்தும் ஃபூக்கோவும் நமக்கு இந்த இரண்டாவது பொருளில்தான் வந்து சேர்ந்தார்கள். 'சபால்டர்ன் ஸ்டடீஸ்' தொகுதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ரணஜித் குஹா தொகுத்த முதல் தொகுதி 1982இல் வந்தது. விளிம்புநிலை மக்களின் வரலாற்றை மீட்கக் கிளம்பிய அந்த வரிசையையும் வெளியிட்டது அதே ஆக்ஸ்ஃபோர்டுதான். அந்தத் தொகுதிகளைக் கெட்டி அட்டையோடு காசு கொடுத்து வாங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்? செத்த ஆசிரியனுக்காக நாம் துக்கம் கொண்டாடவில்லை. சட்டம் மட்டும் அவன் சாவுக்கு அப்புறம் அறுபது வருஷம் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 1957ஆம் வருஷச் சட்டத்தில் அது ஐம்பதாக இருந்தது. 1941இல் மறைந்த தாகூரின் நூல்கள் 1991 முடிவில் பொதுவாகிவிடும் என்று வந்ததும் விசுவபாரதிக்காகப் பத்து வருஷம் கூட்டினார்கள். கூட்டியது தாகூருக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும்.

தில்லிக்கு வருவோம். தில்லிப் பல்கலைக்கழகத்தின் தில்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்துக்குள் ராமேஸ்வரி போட்டோகாப்பி என்றொரு சின்னக் கடை. பல்கலைக்கழகமே உரிமம் கொடுத்து உள்ளே இடமும் கொடுத்திருந்தது. பாடத்திட்டத்தில் ஆசிரியர்கள் குறிப்பிடுகிற அத்தியாயங்களை நூலகப் புத்தகங்களிலிருந்து நகலெடுத்து ஒரே கட்டாக பைண்டு செய்து மாணவர்களுக்குக் கொடுப்பார்கள். பக்கத்துக்கு அரை ரூபாய்க்கு மேல் போகாத விலை. 2012 ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் மூன்று பதிப்பகங்களும் தில்லி உயர்நீதிமன்றத்தில் கடை மேலும் பல்கலைக்கழகத்தின் மேலும் வழக்குப் போட்டன. நஷ்டஈடாக அறுபது லட்சம் ரூபாய் கேட்டார்கள். அக்டோபரில் கடைக்கு இடைக்காலத் தடை விழுந்தது.

இது திடீரென்று வந்த கோபமல்ல. அமெரிக்காவில் 1991இல் கின்கோஸ் என்கிற நகலகச் சங்கிலிக்கு எதிராகப் பதிப்பகங்கள் ஜெயித்தன. 1996இல் மிச்சிகனில் இன்னொரு கடை தோற்றது. 2008இல் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மேல் மின்வடிவப் பாடப்பொருட்களுக்காக வழக்குப் போட்டவர்களில் இதே கேம்பிரிட்ஜும் ஆக்ஸ்ஃபோர்டும் உண்டு. அங்கே 2012 மே மாதம் வந்த தீர்ப்பு பெரும்பாலான இனங்களில் பல்கலைக்கழகத்துக்குச் சாதகம். அந்த நீதிபதி பத்து சதவீதம் அல்லது ஓர் அத்தியாயம் என்று ஓர் அளவுகோல் வைத்தார். மேல்முறையீட்டில் 2014இல் அந்த அளவுகோல் நிற்கவில்லை. இந்த அளவுகோல் சமாச்சாரத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

தில்லியில் பதிப்பகங்கள் எதிர்பாராதது ஒன்று நடந்தது. மாணவர்கள் சங்கம் வைத்து வழக்கில் தாங்களாகவே உள்ளே வந்தார்கள். ஆசிரியர்கள் தனியாக ஓர் அமைப்பாக வந்தார்கள். உலகம் முழுக்க முந்நூறுக்கும் மேற்பட்ட அறிஞர்கள் வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள். யாருடைய உரிமையைக் காப்பதாகப் பதிப்பகங்கள் சொல்லிக்கொண்டனவோ அந்த ஆசிரியர்களிலேயே பலர் அந்தக் கையெழுத்தில் இருந்தார்கள். அமர்த்தியா சென்னும் பதிப்பகங்களை மறுபரிசீலனை செய்யச் சொல்லி எழுதினார். கல்விப்புல நூலுக்கு எழுத்தாளனுக்குக் கிடைக்கிற ராயல்டி எவ்வளவு என்று தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. அவனுக்குச் சம்பளம் கொடுப்பது பல்கலைக்கழகம். அவன் கேட்பது தன்னைப் படிக்க வேண்டும் என்பதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு எதெல்லாம் மீறலல்ல என்று அடுக்குகிறது. அதில் ஒரு வரி: பயிற்றுவிக்கும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகலெடுத்தால் மீறலல்ல. தேர்வுக் கேள்விகளும் விடைகளும் அப்படியே. பதிப்பகங்களின் வாதம், இது வகுப்பறைக்குள் ஆசிரியரும் மாணவரும் எதிரெதிரே இருக்கும்போது நடப்பதற்கு மட்டும்தான், கடைக்காரன் ஆசிரியனுமல்ல மாணவனுமல்ல என்பது. கூடவே, வேண்டுமென்றால் நகல் உரிமைச் சங்கத்திடம் பல்கலைக்கழகம் பணம் கட்டி லைசென்ஸ் வாங்கிக்கொள்ளட்டும் என்றார்கள்.

2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். காப்புரிமை கடவுள் கொடுத்ததோ இயற்கையில் விளைந்ததோ அல்ல, பொதுமக்களின் அறிவு வளர்ச்சிக்காகச் சட்டம் உண்டாக்கிய ஏற்பாடு என்பது அவருடைய அடிப்படை. அவர் சொன்ன இன்னொன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. தான் சட்டம் படித்த நாட்களில் மாணவர்கள் நூலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதிக்கொண்டதை நினைவுகூர்ந்து, அது குற்றமில்லை என்றால் அதையே இயந்திரம் செய்வதும் குற்றமாகாது என்றார். செல்போனில் படம் எடுத்துக்கொள்வதையும் இதோடு சேர்த்துப் பார்த்தார். எழுதிப் படித்த மரபுக்காரர்களாகிய நமக்கு இது புதிதில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட உ.வே.சா. தலைமுறைக்கு ஏடு எழுதுவதே படிப்பின் ஒரு பாகம். எழுதிக் கொடுப்பது புண்ணியம் என்றிருந்தது. அந்தப் புண்ணியம் எந்தச் சாதிக்கு, யார் ஏட்டைத் தொடலாம் என்கிற கேள்வி தனி. அதைக் கேட்காமல் ஏட்டுக்காலத்தைப் பொற்காலமாக்கிப் பேசுவது நம்மாட்களுக்கு ஒரு வியாதி. ஜெராக்ஸ் இயந்திரம் சாதி கேட்பதில்லை, சில்லறை மட்டும்தான் கேட்கிறது.

2016 டிசம்பர் 9 அன்று இரண்டு நீதிபதிகளின் அமர்வு, வழக்கை மறுபடியும் விசாரணைக்கு அனுப்பியது. தள்ளுபடி ரத்து என்றதும் பலர் பதறினார்கள். ஆனால் சட்டக் கேள்விகளில் அமர்வு மாணவர் பக்கமே நின்றது. பயிற்றுவித்தல் என்பது வகுப்பறைச் சுவருக்குள் முடிவதில்லை. கடைக்காரர் நகலெடுத்துக் கொடுப்பதாலேயே விதிவிலக்கு போய்விடாது. இத்தனை சதவீதம் என்று சட்டத்தில் இல்லாத வரம்பை நீதிமன்றம் நுழைக்காது. பாடத்துக்குத் தேவைதானா என்பதே அளவு. அந்தத் தேவை இருந்ததா என்பதையும், முழுப் புத்தகங்களை நகலெடுத்த விஷயத்தையும் மட்டும் விசாரிக்கச் சொன்னார்கள். தடை விதிக்க மறுத்தார்கள். 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கையே வாபஸ் வாங்கிக்கொண்டன. நகல் உரிமைச் சங்கம் உச்சநீதிமன்றம் போனது. 2017 மே மாதம் அங்கேயும் கதவு திறக்கவில்லை.

ஆக, அரசுக் கல்லூரி எதிரிலிருக்கிற கடைக்காரர் பாடத்துக்கான அத்தியாயங்களை நகலெடுத்துக் கொடுத்தால் பயப்பட வேண்டியதில்லை. இந்தச் செய்தி விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் எவ்வளவு தூரம் வந்து சேர்ந்தது என்பது வேறு. போலீஸ் வந்துரும் சார் என்று கதவைச் சாத்துகிற கடைக்காரரை நானே பார்த்திருக்கிறேன்.

இதற்கு முந்தைய கதை ஒன்று திண்டிவனத்துப் பக்கமே இருக்கிறது. அடுத்த ஊரான ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணப் பிரதமர். பாரதியின் எழுத்து தனியார் சொத்தாக இருந்த காலம் அது. நூல் பதிப்புரிமை கவிஞரின் தம்பி சி. விசுவநாதனிடம் இருந்தது. பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை கைமாறி ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்திருந்தது. 1948இல் டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாடலை வைத்ததும் வழக்கு வந்தது. பாரதி பாட்டைப் பாட ஒரு முதலாளியிடம் அனுமதி கேட்பதா என்று எழுத்தாளர்கள் கிளம்பினார்கள். நாரண துரைக்கண்ணன் போன்றவர்கள் 'பாரதி விடுதலைக் கழகம்' என்றே பெயர் வைத்து அலைந்தார்கள். கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் 1949 மார்ச்சில், அரசே உரிமையை வாங்கிக்கொள்வதாக அறிவித்தார். மெய்யப்பச் செட்டியார் தன் பங்குக்குப் பணம் வாங்காமல் கொடுத்தார். 1955இல் அரசு அதைப் பொதுமக்களுக்கே விட்டுவிட்டது. ஆ.இரா. வேங்கடாசலபதி இந்த வரலாற்றை நூலாகவே எழுதியிருக்கிறார்.

ஓமந்தூராரை விவசாயி முதல்வர், கோயில் நுழைவுச் சட்டம் என்று நினைவு வைத்திருக்கிறோம். பதவி போகிற கடைசி வாரங்களில் அவர் அரசு செய்த இந்தக் காரியத்தை அந்த ஊர்ப் பக்கத்திலேயே பெரிதாகப் பேசுவதில்லை. ஒரு எழுத்தாளனின் உரிமையை அரசு விலைகொடுத்து வாங்கி எல்லோருக்கும் திறந்துவிடும் 'நாட்டுடைமை' என்கிற தமிழ்நாட்டு வழக்கத்துக்கு அதுதான் தொடக்கம். அதற்கப்புறம் நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் நூல்கள் அப்படி ஆகியிருக்கின்றன. இதிலே விமர்சனம் இல்லாமல் இல்லை: யாரை எப்போது ஆக்குவது என்பதில் ஆட்சியின் சாயம் தெரியும்; ஆனபிறகு பிழை மலிந்த மலிவுப் பதிப்புகள் வரும். பெரியார் எழுத்து நாட்டுடைமை ஆகவே இல்லை. 'குடி அரசு' தொகுதிகளைப் பெரியார் திராவிடர் கழகம் கொண்டுவர முயன்றபோது சுயமரியாதைப் பிரச்சார நிறுவனம் தடை கேட்டது. 2009இல் நீதிபதி சந்துரு மறுத்தார், மேல்முறையீட்டிலும் அது நின்றது.

ஆனால் நாட்டுடைமையால் இருவேல்பட்டுப் பக்கத்துப் பையனுக்கு ஆவது குறைவு. அவனுக்கு வேண்டியது ஹாரிசும் குகனும். அவன் முட்டிக்கொள்ளும் சுவர் விலை என்பதைவிட மொழி. தில்லித் தீர்ப்பின் எல்லையும் இங்கேதான் தெரிகிறது. அது நகலெடுப்பதைப் பற்றியது. ஓர் ஆசிரியர் ஒரு கட்டுரையைத் தமிழாக்கி வகுப்புக்கு முப்பது பிரதி கொடுத்தால்? மொழிபெயர்ப்பு என்பது சட்டத்தில் தனி உரிமை. பயிற்றுவிக்கும் போக்கில் நகலெடுத்தல் என்கிற வரிக்குள் அது வருமா என்பது வாதத்துக்குரியது. வர வேண்டும் என்பது என் கட்சி.

வரலாற்றில் இது இப்படி இருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1847ஆம் வருஷச் சட்டம் இருந்த காலத்தில் மாக்மில்லன் கம்பெனி இங்கே பாடநூல்களுக்காகவே வழக்குமேல் வழக்காடியது. ஆங்கிலக் கவிதைத் திரட்டு ஒன்றை மாணவர் பதிப்பாகப் போட்டதற்கு 1890இல் கல்கத்தாவில் ஜெயித்தது. ஆனால் தன் கணக்குப் பாடநூல்களை உருதுவில் மொழிபெயர்த்தவருக்கு எதிராக 1895இல் பம்பாயில் தோற்றது. மொழிபெயர்ப்பு நகலாகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1914ஆம் வருஷச் சட்டம் மொழிபெயர்ப்பு உரிமையைக் கொடுத்தாலும், இந்தியாவில் முதலில் வெளியான நூலுக்கு அது பத்து வருஷம்தான். அதற்குள் ஆசிரியர் அந்த மொழியில் கொண்டுவராவிட்டால் யாரும் மொழிபெயர்க்கலாம். வெள்ளைக்காரன் காலத்தில் இருந்த இந்தச் சலுகையைச் சுதந்திர இந்தியாவின் 1957ஆம் வருஷச் சட்டம் கைவிட்டு, விண்ணப்பம் போட்டு லைசென்ஸ் வாங்கும் முறையைக் கொண்டுவந்தது. 1967இல் ஸ்டாக்ஹோமில் இந்தியா உள்ளிட்ட ஏழை நாடுகள் கல்விக்காகத் தளர்வு கேட்டுப் போராடின. பிரிட்டிஷ் பதிப்பாளர்கள் கூச்சல் போட்டு அதைச் செல்லாமல் ஆக்கினார்கள். 1971இல் பாரிசில் இளைத்துப்போன ஒரு சமரசம். அதன் அடிப்படையில் 1983இல் நம் சட்டத்தில் ஒரு வழி சேர்த்தார்கள்: வெளிநாட்டு நூல் வெளியாகி மூன்று வருஷமான பின் கற்பித்தலுக்காக மொழிபெயர்க்க லைசென்ஸ் கேட்கலாம்; வளர்ந்த நாடு எதிலும் பொதுவழக்கில் இல்லாத மொழி என்றால் ஒரே வருஷம். தமிழ் சிங்கப்பூரில் ஆட்சிமொழிகளில் ஒன்று. அப்போ தமிழுக்கு ஒன்றா மூன்றா? வக்கீல்கள் தீர்த்துக்கொள்ளட்டும். விண்ணப்பத்தை முன்பு காப்புரிமை வாரியத்திடம் போட வேண்டும். 2017இல் அது அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்தோடு போனது. 2021இல் அந்த வாரியமும் கலைக்கப்பட்டு வேலை உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. முப்பது மாணவர்களுக்கு ஒரு கட்டுரையைத் தமிழில் கொடுக்க திண்டிவனத்து ஆசிரியர் உயர்நீதிமன்றப் படி ஏறணும்!

பாடம் எடுக்கிறவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மொழிபெயர்த்துக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கொடுக்காத இடத்தில் கைடு கொடுக்கிறது. கைடுக்கும் மூலத்துக்கும் நடுவில் ஒரு தலைமுறையே பட்டம் வாங்கிப் போய்விட்டது.

இப்போது ஜெராக்ஸ் பி.டி.எஃப். ஆகிவிட்டது. 2020 டிசம்பரில் எல்சவியர், வைலி, அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி மூன்றும் சை-ஹப், லிப்ஜென் தளங்களை முடக்கச் சொல்லி அதே தில்லி உயர்நீதிமன்றத்துக்கு வந்தன. 2025இல் சை-ஹப்பை முடக்க உத்தரவு வந்தது. இதற்கிடையில் ஒன்றிய அரசு 'ஒரே நாடு ஒரே சந்தா' என்று 2024 நவம்பரில் அறிவித்து, மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய், முப்பது பதிப்பகங்கள், சுமார் 13,000 ஆய்விதழ்கள் என்று அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. வழக்குப் போட்ட ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் டெய்லரும் அந்த முப்பதுக்குள் இருக்கிறார்கள். மாணவன் பைசா கொடுக்காமல் படிக்கலாம் என்பது நல்லதுதான். நீதிமன்றத்தில் கிடைக்காத லைசென்ஸ் பணம் கஜானா வழியாகப் போய்ச் சேருகிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அந்த 13,000த்தில் தமிழில் யோசிக்கிற மாணவனுக்கு என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கடைசியாக நம் வீட்டு அழுக்கு. மாணவனின் உரிமை என்று பேசுகிற நாம் எழுத்தாளர்களும்கூட. ஐந்நூறு பிரதி அச்சிட்டு வீட்டில் கட்டுக் கட்டாக அடுக்கிவைத்திருக்கிற கவிஞனுக்கு ஆக்ஸ்ஃபோர்டின் கணக்குப் பொருந்தாது. கல்லூரிப் பாடத்திட்டத்தில் தன் கதை இருப்பது எழுத்தாளருக்குத் தெரியவருவது, "ஐயா, உங்க கதைக்குச் சுருக்கம் வேணும், நாளைக்குப் பரிட்சை" என்று ஒரு மாணவி போன் செய்யும்போதுதான். ஒரு தனியார் பதிப்பகம் தமிழ்ப் பாடத்திரட்டு போட்டு ஆயிரக்கணக்கில் விற்றது. அதில் என் கட்டுரை ஒன்றும் இருந்தது. கேட்கவுமில்லை, ஒரு பிரதி அனுப்பவுமில்லை. இதற்கு 52ஆம் பிரிவின் அந்த வரி காவலாகாது. விற்பனைக்குப் பதிப்பிக்கும் பாடத்திரட்டுக்குச் சட்டத்தில் தனி விதி: பெரும்பகுதி காப்புரிமை இல்லாத எழுத்தாக இருக்க வேண்டும், காப்புரிமை உள்ளவற்றிலிருந்து சிறு பகுதிகள் மட்டும், ஒரே ஆசிரியரின் எழுத்திலிருந்து ஒரே பதிப்பாளர் ஐந்து வருஷத்துக்குள் இரண்டு பகுதிகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. முழுச் சிறுகதை சிறு பகுதியா?

மாணவி ஜெராக்ஸ் எடுத்துப் படிப்பதும், பதிப்பாளர் திரட்டுப் போட்டுக் காசாக்குவதும் ஒன்றில்லை. தில்லித் தீர்ப்பைக் காட்டி இரண்டாவதை நியாயப்படுத்துகிறவர்களை விழுப்புரத்தில் ஒரு கூட்டத்தில் கேட்டேன். எல்லாம் மாணவர்களுக்காகத்தானே என்றார்கள். மாணவர்களுக்காக என்றால் திரட்டை அடக்கவிலைக்குக் கொடுங்கள், எழுதியவருக்குப் பாடத்திட்டக் குழுவிலிருந்து ஒரு கடிதமாவது போடுங்கள் என்றேன். அடுத்த திரட்டுக்கான பட்டியல் தயாராகிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். கடிதம் பற்றி அப்புறம் பேசலாமாம்.